காத்திருந்த நேரத்துக்கும் கூலி உண்டு

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்று, மைக் மக்கர் செய்யும்போதெல்லாம் அதன் தலையில் தட்டித் தட்டி நம்மைப் பேச வைத்துக்கொண்டிருக்கும் சங்கத் தலைவர், பெருமதிப்புக்குரிய எவரிஸ்தோ ஊர்த்தாதோ அவர்களே! முதல் வரிசையில் வீற்றிருக்கும், கழுத்தெலும்பு தேயத் தேயக் கப்பல் கப்பலாகக் கோதுமை இறக்கிய மூத்தோர்களே! அடுப்பில் கிடந்த பானையை அடுத்த வீட்டில் ஒப்படைத்துவிட்டு, மடியில் பிள்ளையும் மனத்தில் கவலையுமாக வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி போதாமல் நனைந்த சட்டையோடு சுவரோரம் நிற்கும் இளந்தோள்களே! கடைசி வரிசையில் தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டுக்கொண்டு, நான் பேசுவதை நாளைக் காலை கம்பெனி அலுவலகத்தில் ஒப்பிப்பதற்காக வந்திருக்கும் அன்பரே! சிரிக்காதீர்கள், சிரிக்காதீர்கள். அவரும் கூலிக்கு உழைக்கிறவர்தான். அவருக்கும் சேர்த்து உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயர் லியோகாதியா அங்குலோ. இந்தப் புவேனாவெந்தூராத் துறைமுகத்தின் மூன்றாம் கிடங்கில் கிழிந்த மூட்டை தைக்கிறவள். ஊசியும் சணலும் பிடித்த கை, மைக் பிடித்துப் பழக்கமில்லை. கூரையிலே மழை கொட்டுகிறது. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காவிட்டால் கையை உயர்த்துங்கள், நான் குரலை உயர்த்துகிறேன்.

என்ன? இப்போதே கேட்கவில்லையா? சரி, இதோ உயர்த்திவிட்டேன்!

நாளைக் காலை நாம் வாக்களிக்கப் போகிறோம். எதற்கு? கம்பெனி ஒரு கை நிறைய இனிப்பை நீட்டுகிறது. மூட்டைக்குக் கூலியை உயர்த்துகிறேன், வாங்கிக்கொள் என்கிறது. மறு கையால் நம்மிடம் ஒன்றைக் கேட்கிறது. காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி என்று ஒன்று வாங்குகிறீர்களே, அதை விட்டுவிடுங்கள். மாலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதியதும் வீட்டுக்குப் போகிறீர்களே, அதையும் விட்டுவிடுங்கள். வண்டி வரும்போது வேலை, வேலை முடியும்போது வீடு. இவ்வளவுதானே என்கிறது.

இவ்வளவுதானா? இவ்வளவுதானா என் தோழர்களே?

நேற்று மதியம் கிடங்கு வாசலில் ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "அக்கா, கூடக் கிடைக்குதுன்னா வாங்கிட்டுப் போவோமே. சும்மா உக்காந்திருக்கறதுக்குக் காசு வாங்கறது எனக்கே கூச்சமா இருக்கு." அவன் பெயரைச் சொல்லமாட்டேன். நல்ல பிள்ளை. அவனுக்குத் தெரியாது. தெரியாமல் வளர்ந்ததே ஒரு பாக்கியம். அந்தத் தம்பிக்காகத்தான் இன்று இந்த மேடையில் ஏறியிருக்கிறேன். புள்ளிவிவரம் சொல்லப் போவதில்லை. அதைத் தலைவர் சொல்லுவார். நான் ஒரு மனிதரின் கதையைச் சொல்லப் போகிறேன்.

அந்த மனிதர் இதே கூட்டத்தில்தான் இருக்கிறார். மூன்றாவது வரிசை, தூண் ஓரம். கிறிசாந்தோ தம்பி, குனிந்துகொள்ளாதே! காலையில் கேட்டபோது சரி என்றுதானே தலையாட்டினாய்? இப்போது காதைச் சொறிந்தால் எப்படி?

அன்பார்ந்தவர்களே! அந்தக் காலத்தில் கூலி எப்போது தொடங்கும் தெரியுமா? விடியலில் வந்து வாசலில் நிற்கும்போது தொடங்குமா? தொடங்காது. பெயர் கூப்பிட்டு உள்ளே விட்டதும் தொடங்குமா? தொடங்காது. சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும்போதாவது தொடங்குமா? அப்போதும் தொடங்காது! மூட்டை தோளில் ஏறும்போது தொடங்கும், மூட்டை தோளை விட்டு இறங்கும்போது முடியும். நடுவில் இருந்த நேரமெல்லாம் யாருடையது? கம்பெனியுடையதும் அல்ல, நம்முடையதும் அல்ல. அநாதை நேரம்!

கப்பல் கரைக்கு வராமல் வெளியே நங்கூரம் போட்டுக் கிடக்கும். காத்திரு. மலைச்சாலையில் மண் சரிந்து லாரி மாட்டிக்கொள்ளும். காத்திரு. எடை போடும் இடத்தில் ஏதோ தகராறு. காத்திரு. ஒன்றுக்கு ஒதுங்கினால்கூட ஓடி வந்துவிட வேண்டும். வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டு வரலாமென்று போனவன் முறை போயிற்று, அன்றையப் பிழைப்பும் போயிற்று. தோளிலே பாரமிருந்தால் பணம் உண்டு. நெஞ்சிலே பாரமிருந்தால் யார் தருவார்?

அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருவன் கிறிசாந்தோ குவேரோ. நெடிய ஆள். மூட்டையைத் தலையில் வாங்கினால் கழுத்து அசையாது. அடுத்தவனுக்குக் கனமான மூட்டை வந்தால் சத்தமில்லாமல் இடம் மாறிக்கொள்வான். ஆனால் பேச்சு மட்டும் வராது. மூட்டையைத் தூக்கும் ஆளுக்குச் சொல்லைத் தூக்க முடியாது. இப்போதும் அப்படித்தான், பாருங்கள் உட்கார்ந்திருப்பதை!

கிடங்கு வாசலுக்கு எதிரே ஒரு வாதுமை மரம். அதன் அடியில் ஒரு பெண் பானை வைத்திருந்தாள். நெமேசியா ரியாஸ்கோஸ். தெற்கே குவாப்பியிலிருந்து படகேறி வந்தவள். மீனும் வாழைக்காயும் போட்டுக் கொதிக்கவைத்த சாறு. மழையில் நடுங்கி நிற்கிறவனுக்கு அந்த ஒரு கிண்ணம் கம்பளி மாதிரி. கடன் சொன்னவனுக்குக் கொடுப்பாள், கதை சொன்னவனுக்குக் கொடுக்கமாட்டாள்.

நம் கிறிசாந்தோ தினமும் அங்கே நின்றுகொண்டு குடிப்பான். குடித்து முடித்துக் கிண்ணத்தை நீட்டி, "உப்பு சரியா இருக்கு" என்பான். அவ்வளவுதான். மறுநாளும் "உப்பு சரியா இருக்கு." அதற்கு மறுநாளும் அதுதான். அவன் காதலைச் சொல்கிறான் என்று எங்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது. ஒரு நாள் வேண்டுமென்றே அவள் உப்பே போடாமல் கொடுத்தாள். அன்றும் குடித்துவிட்டு "உப்பு சரியா இருக்கு" என்றான்! மரத்தடியே அதிர்ந்தது சிரிப்பில். நெமேசியாவும் சிரித்தாள். அன்றிலிருந்து அவன் கிண்ணத்தில் மீன் துண்டு கொஞ்சம் பெரிதாக விழ ஆரம்பித்தது.

அவனோடு சேர்ந்து மூட்டை தூக்கும் செட்டில் திபூர்சியோ என்று ஒரு மூத்தவர். இன்று அவர் நம்மிடையே இல்லை. அவர்தான் ஒரு மதியம் இவனைத் தள்ளிக்கொண்டு போய் அவள் முன்னால் நிறுத்தினார்.

"தாயீ, இவன் உன்னைக் கட்டிக்கணும்கறான். வாய் திறக்கமாட்டேங்கறான். நான் சொல்லிட்டேன். மிச்சத்த நீங்க பேசிக்கங்க."

நெமேசியா கரண்டியைக் கீழே வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள். அவள் பதில் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"உன்னைப் புடிச்சிருக்கு கிறிசாந்தோ. ஆனா எங்கப்பாவும் உன்ன மாதிரி லோடுமேன்தான். எங்கம்மா தினமும் தட்டு வெச்சுட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருப்பா. சோறு ஆறும். சூடு பண்ணுவா. திரும்ப ஆறும். நாங்க அப்பாவைப் பாக்காமலே தூங்கிருவோம். எனக்கு நகை வேணாம், வீடு வேணாம். இன்ன மணிக்கு வருவேன்னு சொல்லு. சொன்ன மணிக்கு வந்து என்கூட உக்காந்து சாப்பிடு. ஒரு வாரம் அப்படி வா. அடுத்த ஞாயிறு மாதா கோயில்ல கல்யாணம்."

தாய்மார்களே, அவள் கேட்டது அதிகமா? மாளிகை கேட்டாளா? மாணிக்கம் கேட்டாளா? ஒரு மணி கேட்டாள்! மனிதன் வீட்டுக்கு வரும் மணி எது என்று கேட்டாள்! அதைக்கூடச் சொல்ல முடியாத வாழ்க்கைக்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

கிறிசாந்தோ "அஞ்சு மணி" என்றான். தைரியம்தான்!

முதல் நாள் லாரி நாலரைக்கு வந்தது. அவன் போனபோது ஊர் உறங்கிவிட்டது. அவள் "சரி, இன்னையிலேர்ந்து வாரத்தை எண்ணுவோம்" என்றாள். மறுநாள் கப்பல் தாமதம். மறுபடி எண்ணினாள். அதற்கடுத்த நாளும் வாரம் புதிதாகத் தொடங்கியது. அந்த வாரம் தொடங்கித் தொடங்கியே கிழிந்தது, முதல் நாளைத் தாண்டி நகரவில்லை.

செட்டுக்காரர்களுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் திபூர்சியோ எல்லோரையும் கூட்டிச் சொன்னார்: "டேய், இன்னைக்கு ஒரு நாளாவது இந்தப் பயல அஞ்சு மணிக்கு அனுப்பறோம். அவன் சாப்பாட்டுக்காக நம்ம எல்லாரும் ஓடறோம்."

ஓடினார்கள் தோழர்களே! உர மூட்டை. உங்களுக்குத் தெரியும், வேர்வையோடு சேர்ந்தால் தோலை அரிக்கும் உரம். அதைத் தலையில் வைத்துக்கொண்டு, வழுக்கும் பலகையில், வடியும் மழையில், ஒருவர் பின் ஒருவராக ஓடினார்கள். தங்கள் கல்யாணத்துக்குக்கூட அப்படி ஓடியிருக்கமாட்டார்கள். மூட்டைகள் கிழிந்தன. நான் தைத்தேன். திரும்பக் கிழிந்தன. திரும்பத் தைத்தேன். "மெதுவாப் போங்கடா, ஊசி ஓடமாட்டேங்குது!" என்று கத்தினேன். "நீயும் ஊசிய வேகமா ஓட்டுக்கா!" என்று கத்தினார்கள். கடைசி மூட்டை இறங்கியபோது இன்னும் ஐந்து அடிக்கவில்லை.

கிறிசாந்தோ குழாயடியில் முகம் கழுவினான். யாரோ தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார்கள். அவனுக்கு அது கை எட்டவில்லை, போட்டுக்கொண்டான். எதிரே வாதுமை மரத்தடியில் நெமேசியா எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலையைச் சீவியிருந்தாள் என்பதை நான் கவனித்தேன்.

அந்த நேரத்தில் மேஸ்திரி பௌதிலியோ குடையோடு வந்தார். "இன்னொரு வண்டி உள்ள வருது. எல்லாரும் நில்லுங்க. இப்பப் போறவன் நாளைக்கு வர வேணாம்."

"மேஸ்திரி, இவன் ஒருத்தனை விடுங்க. நாங்க பாத்துக்கறோம்" என்றார் திபூர்சியோ.

"ஒருத்தன் கொறைஞ்சா செட்டே இல்ல. நாளைக்கு உங்க செட்டையே கூப்பிடமாட்டேன்."

வாசல் கதவு திறந்துதான் இருந்தது. மழைக்கு அந்தப் பக்கம் அவள். மழைக்கு இந்தப் பக்கம் அவனுக்காக ஓடிய மனிதர்கள், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு. நடுவில் இவன். "போடா, போ" என்று முதுகில் தட்டினார் திபூர்சியோ. இவன் இரண்டடி எடுத்து வைத்தான். நின்றான். திரும்பினான். அந்த இரவல் சட்டையைக் கழற்றி மடித்து என் மடியில் வைத்துவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டான்.

தாய்மார்களே, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். மழைகூட மெல்லப் பெய்கிற மாதிரி இருக்கிறது.

நெமேசியா கோபப்படவில்லை. பானையை மூடினாள். மறுநாள் காலையில் அவனிடம் வந்து சொன்னாள், அதையும் நான் கேட்டேன்:

"நீ அவங்களை விட்டுட்டு வந்திருந்தா உன்னை மதிச்சிருக்கமாட்டேன் கிறிசாந்தோ. திரும்பிப் போனே பாரு, அப்பத்தான் உன்மேல ஆசை இன்னும் கூடிப்போச்சு. ஆனா தினமும் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போற ஆளோட என்னால வாழ முடியாது. எங்கம்மா அப்படி வாழ்ந்ததப் பாத்துட்டேன்."

அவன் என்ன செய்தான்? சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றான்.

சில நாட்களில் அவள் போய்விட்டாள். நம் ஊர்ப் பெண்கள் பலர் போன இடம்தான், சிலி நாட்டில் அந்தோஃபகாஸ்தா. சித்தி மகள் அங்கே ஓர் உணவு விடுதியில் வேலை பார்த்தாள். பேருந்து கிளம்பும்போது கிறிசாந்தோ வழியனுப்பப் போயிருப்பான் என்று நினைக்கிறீர்களா? போகவில்லை. அன்று கப்பல் வந்திருந்தது.

தோழர்களே, தாய்மார்களே! ஏக்கம் என்பது என்ன? எங்கோ தொலைதூரத்தில் இருப்பதை நினைத்து வருந்துவதா? இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் சூடாக இருந்த ஒரு கிண்ணம், கைநீட்டினால் எட்டுகிற தூரத்தில், எட்டாமலே போனதே, அதுதான் ஏக்கம்!

இனிமேல்தான் கதையின் முக்கியமான இடம். அவள் போய்ச் சில மாதம் கழித்து ஒரு காலை கிறிசாந்தோ வேலைக்கு வந்தான். மேஸ்திரி முன்னால் போய் நின்றான். வாயே திறக்காதவன் வாய் திறந்தான்.

"மேஸ்திரி, எங்க கூலி எப்ப ஆரம்பிக்குது?"

"மூட்டை தோள்ல ஏறும்போது. புதுசாக் கேக்கறே?"

"அப்ப மூட்டை ஏறாத நேரம் உங்களுது இல்ல."

"அதுக்கென்ன இப்ப?"

"அப்ப அது என்னுது. நான் வீட்டுல இருக்கேன். வண்டி வந்தா வந்து கூப்பிடுங்க."

சொல்லிவிட்டு நடந்தான். திபூர்சியோ ஒரு கணம் பார்த்தார், சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தார். செட்டு நடந்தது. அடுத்த செட்டு நடந்தது. கிடங்கு வாசல் வெறிச்சோடியது. யாரும் முழக்கம் போடவில்லை. யாரும் கல்லெறியவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான்! வீட்டில் இருப்பதையே போராட்டமாக்கியவர்கள் நாம்!

மதியம் லாரி வந்தது. மேஸ்திரி பௌதிலியோ குடையைப் பிடித்துக்கொண்டு, கடல்மேல் கம்பு நட்டுக் கட்டிய நம் சேரியின் பலகைப் பாதையில், கீழே அலை அடிக்க, தட்டுத் தடுமாறி வந்தார். திபூர்சியோ வீட்டு வாசலில் நின்று, "வண்டி வந்துருச்சு, வாங்க!" என்றார்.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன் மேஸ்திரி. செத்த நில்லுங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அத எப்படிச் சொல்றது? முடிஞ்சாத்தான் தெரியும்."

கைதட்டுங்கள்! திபூர்சியோவுக்காகத் தட்டுங்கள்! மேலே இருந்து அவர் கேட்கட்டும்!

சிரித்தோம், ஆனால் எளிதாக இல்லை. வாசலில் போலீஸ் வந்து நின்றது. வீட்டில் அரிசி தீர்ந்தது. வாடகை கேட்டு வீட்டுச் சொந்தக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். கிறிசாந்தோவின் வீட்டுக் கதவை நம்மவர்களே தட்டினார்கள். "உன் காதலுக்காக எங்க புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா?" என்று ஒரு அம்மா அவன் முகத்துக்கு நேரே கேட்டார். அவன் தலைகுனிந்து நின்றான். அவன் வீட்டில் இருந்த வாழைக்காயையும் எடுத்து அந்த அம்மாவிடமே கொடுத்தான். அந்த அம்மா வாங்கிக்கொண்டு அழுதார். மூட்டை தைக்கிற பெண்கள் நாங்களும் ஊசியைக் கீழே வைத்தோம். எங்களுக்கும் தையலுக்குத்தானே கூலி, காத்திருப்புக்கு ஏது?

கம்பெனி ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களிலிருந்து புதிய ஆட்களைப் படகில் இறக்கியது. முதல் நாள் அவர்கள் வாசலுக்குள் போனார்கள். அன்று பார்த்து மலைச்சாலையில் மண் சரிவு. லாரி வரவில்லை. மழையில் நின்றார்கள். மதியம் ஆயிற்று. நின்றார்கள். மாலை ஆயிற்று. "இன்னைக்கு மூட்டை இல்ல, கூலி இல்ல, போங்க" என்றார் மேஸ்திரி. நாங்கள் நூறு வார்த்தை பேசியிருந்தாலும் புரியவைத்திருக்க முடியாததை அந்த ஒரு நாள் மழை புரியவைத்தது. வெறும் வயிற்றோடு நம் பக்கம் நடந்து வந்து, "எங்களுக்கும் ஏதாவது சூடா இருக்குமா?" என்று கேட்டார்கள். இருந்ததைப் பகிர்ந்தோம். மறுநாள் அவர்கள் உள்ளே போகவில்லை. அவர்களில் சிலர் இன்று இந்த அரங்கத்தில், நம் சங்கத்தில் இருக்கிறார்கள். எழுந்து நில்லுங்கள் ஐயா! வாழ்க, வாழ்க!

கப்பல் கரையிலேயே கிடந்தது. கப்பல் கிடந்தால் என்ன நடக்கும் தெரியுமா? கப்பல்காரனுக்குக் கம்பெனி தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். லாரி நின்றால்? லாரிக்காரனுக்கும் கட்ட வேண்டும். என் அருமைத் தோழர்களே, யோசியுங்கள்! இரும்பு காத்திருந்தால் காசு உண்டு! எந்திரம் காத்திருந்தால் காசு உண்டு! பசிக்காத கப்பலுக்குக் காசு உண்டு, பிள்ளை பெறாத லாரிக்குக் காசு உண்டு! பசித்த வயிற்றோடு, பார்த்திருக்கும் மனைவியோடு, விழித்திருக்கும் குழந்தையோடு ஒரு மனிதன் காத்திருந்தால் மட்டும் காசு இல்லையா? என்ன நியாயம் இது? எந்த ஊர் நியாயம்?

அந்தக் கேள்வியைக் கம்பெனியின் முன்னால் வைத்தோம். கட்டணம் ஏற ஏற, அது இறங்கி வந்தது. வாசலுக்குள் கால் வைத்த நேரத்திலிருந்து கூலி. மாலை ஐந்துக்குச் சங்கு. அதற்குப் பின் வரும் வண்டிக்கு மாற்று செட்டு. வென்றோம்!

அந்த முதல் நாள் ஐந்து மணிச் சங்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஊதி முடித்தது. ஒருவரும் நகரவில்லை! எப்படிப் போவதென்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தில் நாங்கள் தெருவில் நடந்ததே இல்லை. "இப்ப என்னடா பண்றது?" என்று கேட்டார் திபூர்சியோ. "வீட்டுக்குப் போறதுதான்" என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கிழவர் அழுதுகொண்டே போனார்.

கிறிசாந்தோ வீட்டுக்குப் போகவில்லை. "அக்கா, கூட வர்றீங்களா?" என்றான். தெரு மூலையில் நிமிடக் கணக்கில் கைபேசி வாடகைக்கு விடும் பெண் இருந்தாள். யாரும் தூக்கிக்கொண்டு ஓடிவிடாமல் போனைச் சங்கிலியால் மேசையில் கட்டியிருப்பாளே, அவள்தான். அந்தோஃபகாஸ்தாவுக்குப் போட்டான். அந்தப் போனில் பேசினால் தெரு முழுக்கக் கேட்கும்.

"நெமேசியா, நான் கிறிசாந்தோ. இனிமே அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்துருவேன். தினமும்."

"நெசமாவா?" என்றாள்.

"நெசமா. சங்கு ஊதறாங்க."

"இத ஏன் நான் இருக்கும்போது செய்யல கிறிசாந்தோ?"

"நீ போனதாலதான் செய்யத் தெரிஞ்சுது."

அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "இங்க ஒருத்தர் இருக்காரு. பேக்கரியில வேலை. நல்ல மனுஷன். பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்கு வந்துருவாரு. நான் மாசமா இருக்கேன்."

கிறிசாந்தோ தலையாட்டினான். போனில் தலையாட்டினால் அவளுக்கு எப்படித் தெரியும்? நான் அவன் முழங்கையைத் தட்டினேன். "நல்லா இரு" என்றான்.

"அங்க மழை பெய்யுதா?"

"பெய்யுது."

"இங்க பெய்யாது கிறிசாந்தோ. வந்ததுலேர்ந்து ஒரு சொட்டுப் பாக்கல. மண்ணெல்லாம் காஞ்சு கெடக்கு. தகரத்து மேல விழுமே, அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு. போனைக் கொஞ்சம் வெளிய நீட்டேன்."

நீட்டினான். சங்கிலி எவ்வளவு எட்டுமோ அவ்வளவு தூரம், கடைத் தகரத்துக்குக் கீழே, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். மழை கொட்டியது. அந்தப் பக்கம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். போன்காரப் பெண், "அண்ணே, பேசாம நின்னாலும் நிமிஷம் ஓடுதுண்ணே!" என்றாள். "ஓடட்டும்" என்றான். மூட்டையைத் தாங்கி மரத்துப்போன அந்தக் கை, மழையைத் தாங்கிக்கொண்டு அப்படியே நின்றது.

அவள் திரும்பி வரவில்லை. இவன் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. கதை அவ்வளவுதான். இனிப்பாக முடிக்க எனக்கும் ஆசைதான், நடக்காததைச் சொல்ல நா வரவில்லை.

ஆனால் இளைஞர்களே, இந்த அரங்கத்தைச் சுற்றிப் பாருங்கள்! அந்த ஐந்து மணி யாருக்குப் பயன்பட்டது? பந்து விளையாடப் பிள்ளையைக் கூட்டிப்போகிறாயே, உனக்கு! மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றாயே, உனக்கு! மனைவி பிரசவ வலியில் துடித்தபோது பக்கத்தில் இருந்தாயே, உனக்கு! இரவில் மகள் பாடம் ஒப்பிக்கக் கேட்டுத் தூங்கிப்போகிறாயே, உனக்கு! சும்மா உட்கார்ந்திருப்பதற்குக் காசு வாங்கக் கூச்சமாக இருக்கிறது என்ற தம்பியே, அது சும்மா அல்ல! அது உன் உயிரின் ஒரு துண்டு. நீ காத்திருக்கும்போது உன் குழந்தை வளர்வதை நிறுத்துவதில்லை. உன் தாய் மூப்படைவதை நிறுத்துவதில்லை. உனக்குப் பிரியமானவள் ஊரை விட்டுப் போவதை நிறுத்துவதில்லை!

மூட்டைக்குக் கூடக் கேட்போம். கேட்க வேண்டும்! அரிசி விலைக்கும் மருந்து விலைக்கும் ஏற்ற கூலியை எழுந்து நின்று கேட்போம். ஆனால் நேரத்தைக் கொடுத்து அல்ல! அடகு வைத்த சங்கிலியை மீட்கலாம், அடகு வைத்த படகை மீட்கலாம். விற்ற மாலைப்பொழுதை எந்த அடகுக்கடையில் போய் மீட்பாய்?

இன்று காலை கிறிசாந்தோவிடம் கேட்டேன். "தம்பி, உனக்கு அது கெடைக்காமலே போச்சு. வெறும் வீட்டுக்குத்தான் போறே. கூலி ஏத்தறாங்க, உனக்கு வயசாகுது, நாலு காசு சேத்துக்கலாம். நீ எந்தப் பக்கம் ஓட்டுப் போடப் போறே?"

நம் கிறிசாந்தோ ஒரே நேரத்தில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சொன்னான்:

"அவ கேட்டது தப்பான கேள்வி இல்லக்கா. சரியான கேள்விதான். என்கிட்ட பதில் இல்ல. நாளைக்கு வேற ஒரு பொண்ணு வேற ஒரு பையன்கிட்ட கேப்பா. அவன்கிட்ட பதில் இருக்கணும்ல?"

இருக்க வேண்டும், தோழர்களே. இருக்க வேண்டும்!

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், நேரமாயிற்று என்று சீட்டு நீட்டாத தலைவருக்கும், தன் வாழ்க்கையைச் சொல்ல அனுமதித்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும் என் தம்பிக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நாளை வாசலில் சந்திப்போம், நிமிர்ந்த கழுத்தோடு. வணக்கம்!